சேற்றுப் பாதையில் ஏடிவி குழுப் பயணம்: ஒரே ஒரு வின்ச்சை நம்பிப் போகலாமா?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து நண்பர்கள் ஆறு பேர், ஆளுக்கு ஓர் ஏடிவியாக (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர மோட்டார் வண்டி), பண்ருட்டிப் பக்கம் சேற்றுப் பாதையில் ஒரு நாள் ஓட்டுவதாக இருக்கிறோம். ஓட்டப்போகும் இடம் முழுவதும் தனியார் நிலம். எங்களில் ஒருவரின் உறவினருக்குச் சொந்தமான முந்திரித் தோப்பும், அதையொட்டிக் கீழே இறங்கும் ஓடையும், ஓடைக்கு அப்பால் இந்த ஆண்டு பயிர் வைக்காமல் கிடக்கும் தாழ்வான நிலமும்தான் பாதை. உரிமையாளரிடம் முறையாகக் கேட்டு ஒப்புதல் வாங்கிவிட்டோம். வண்டிகளைச் சரக்கு வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோய்த் தோப்பிலேயே இறக்குகிறோம். பொதுச் சாலையில் ஓட்டும் எண்ணம் இல்லை.

தோப்புக்குள் இருப்பது செம்மண் என்பதால், மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தாலே தரை இறுகிவிடுகிறது. கவலையெல்லாம் ஓடையைப் பற்றியும் அதற்கு அப்பால் உள்ள களிமண்ணைப் பற்றியும்தான். சென்ற வாரம் நடந்து போய்ப் பார்த்தபோது, மேலே காய்ந்து வெடித்திருந்த பொருக்கில் கால் வைத்தவுடன் முழங்கால் வரை உள்ளே போனது. காலை உருவினால் செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. நீண்ட மூங்கில் ஒன்றைக் குத்திப் பார்த்ததில், சில இடங்களில் மூன்றடிக்குக் கீழேதான் கெட்டித் தரை தட்டியது.

ஆறு வண்டிகளில் இரண்டு, நான்கு சக்கரமும் இழுக்கும் 570 சிசி வகை. மற்ற நான்கும் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 200 சிசி சிறிய வண்டிகள். என்னுடைய 570-இன் முன்பக்கத்தில் மட்டும் 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,590 கிலோ இழுக்கும் வின்ச் (மின் மோட்டாரால் வடத்தை டிரம்மில் சுற்றி இழுக்கும் கருவி) பொருத்தியிருக்கிறேன். அதில் 15 மீட்டர் இரும்புக் கம்பி வடம் சுற்றியிருக்கிறது. "வின்ச் இருக்கும்போது எந்தச் சேற்றிலும் இறங்கலாம்" என்று குழுவில் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுதான் எனக்கு நெருடலாக இருக்கிறது.

ஆறு வண்டிக்கு இந்த ஒரு வின்ச் போதுமா, இது எந்த இடத்தில் வர வேண்டும், வடத்தை எதில் கட்டுவது, இரும்பு வடத்தை மாற்றி, வின்ச்சுக்கென்றே செய்யும் சிந்தெட்டிக் (செயற்கை இழை) கயிறு போட வேண்டுமா என்ற நான்கையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வில்லியனூர் பட்டறை எழுதியது:

வணக்கம். போகும் முன்பே நடந்து சென்று மூங்கில் விட்டு ஆழம் பார்த்தீர்களே, பாதிப் பாதுகாப்பு அதிலேயே வந்துவிட்டது. அதே மூங்கிலைப் பயணத்தன்றும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வின்ச்சின் இழுவைத் திறன் தாராளமாகப் போதும். அது எந்த வண்டியில், எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் சிக்கல். முன்பக்கம் பொருத்திய வின்ச், புதைந்த வண்டியை முன்னோக்கி மட்டுமே இழுக்கும். சேற்றில் இறங்கிய வண்டிக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் இன்னும் ஆழமான சேறு. கெட்டித் தரை இருப்பதோ வந்த வழியில், பின்னால். வின்ச் வைத்திருப்பவர் தைரியமாக முதலில் இறங்கித் தன் வின்ச்சாலேயே தன்னை இழுத்துக்கொண்டால், அக்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலொழிய, வண்டியை இன்னும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார். ஆகவே உங்கள் வண்டி கடைசியில் வரட்டும். வின்ச் இல்லாத மற்ற 570 முதலில் போகட்டும், சிறிய வண்டிகள் நடுவில் இருக்கட்டும். ஒருவர் புதைந்தால், நீங்கள் கெட்டித் தரையில் நின்றபடியே, அவருடைய சக்கரங்கள் வெட்டிய தடத்தின் வழியாகவே அவரைப் பின்னோக்கி வெளியே எடுத்துவிடலாம். ஓடை, களி போன்ற இடங்களில் ஒரு வண்டி முழுவதும் கடந்து கெட்டித் தரையில் ஏறிய பிறகே அடுத்த வண்டி இறங்க வேண்டும். இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் சேற்றில் நின்றால் ஒரே வின்ச்சால் பயன் இல்லை.

இழுவைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். எரிபொருளும் சாமான்களும் சேர்ந்த 570 வகை வண்டியை, ஓட்டுநர் இறங்கிய நிலையில், 350 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ராணுவ மீட்புக் கையேடுகளில் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: சக்கரம் புதைந்திருந்தால் வண்டியின் எடை அளவும், மட்கார்டு வரை புதைந்திருந்தால் எடையைப் போல் இரு மடங்கும், அதற்கும் மேலே புதைந்திருந்தால் மும்மடங்கும் இழுவை வேண்டியிருக்கும். களி வண்டியின் அடித்தகட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்வதால்தான் எடையைக் காட்டிலும் இவ்வளவு கூடுதலாகிறது. அப்படிப் பார்த்தால் மட்கார்டு வரை போன 570-க்கு 700 கிலோ வேண்டும். வின்ச் மேல் எழுதியிருக்கும் 1,590 கிலோ, டிரம்மில் வடம் ஒரே ஒரு சுற்று அடுக்காக இருக்கும்போது கிடைக்கும் அளவு. மேலே ஒவ்வோர் அடுக்கு ஏற ஏற இழுவை பத்திலொரு பங்குக்கும் மேலாகக் குறைந்துகொண்டே வரும். வடம் முழுவதும் சுற்றியிருக்கும்போது ஏறத்தாழ 1,000 கிலோதான் மிஞ்சும். இப்போதும் போதும் என்றாலும், ஏற்றமும் சேர்ந்தால் விளிம்பில் வந்து நிற்கும். அதனால் பக்கத்தில் நின்று இரண்டு மீட்டர் வடத்தை மட்டும் விட்டு இழுப்பதைவிட, தள்ளி நின்று பத்துப் பன்னிரண்டு மீட்டர் விட்டு இழுப்பது நல்லது. அதே நேரத்தில் இரும்பு வடமானால் ஐந்து சுற்றாவது, சிந்தெட்டிக் கயிறானால் பத்துச் சுற்றாவது டிரம்மில் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். வடம் நழுவாமல் பிடித்திருப்பது அந்தச் சுற்றுகளின் உராய்வினால்தான். முனையில் இருக்கும் சிறிய திருகை நம்பக் கூடாது. மிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள்.

இப்போது பலரும் கவனிக்காத இடத்துக்கு வருகிறேன். கெட்டித் தரையில் நிற்கும் உங்கள் வண்டியும் 350 கிலோதான். ஈரத் தரையில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பிடித்து நின்றாலும், தன் எடையில் பாதியைத் தாங்கினாலே பெரிது. அதாவது 175 கிலோ. சேறு கேட்பதோ 700 கிலோ. வின்ச்சை அழுத்தியதும் புதைந்த வண்டி அசையாது, உங்கள் வண்டிதான் சேற்றை நோக்கிச் சறுக்கிக்கொண்டு போகும். எனவே இழுப்பதற்கு முன், உங்கள் வண்டியின் பின்பக்கக் கொக்கியிலிருந்து ஒரு பெல்ட்டை மரத்திலோ வேறு உறுதியான பிடிமானத்திலோ நேர்கோட்டில் கட்டியாக வேண்டும். கட்ட இடம் இல்லையென்றால் உங்களிடம் வின்ச் இல்லை என்றே கருதிக்கொண்டு முடிவெடுங்கள். ஓடைக்கரையில் இறங்குமுன் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது, "இங்கே மாட்டினால் எதில் கட்டுவோம்?" என்பதுதான். விடை தெரியாத இடத்தில் இறங்க வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். இந்த அளவுள்ள 12 வோல்ட் வின்ச், முழுச் சுமையில் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வண்டியின் மின் உற்பத்தி 500 வாட் என்றே வைத்துக்கொண்டாலும் 12 வோல்ட்டில் அது 42 ஆம்பியர்தான். அதிலும் எரிபொருள் பம்பும் இன்ஜின் விசிறியும் முகப்பு விளக்கும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும், இன்ஜின் மெதுவாக ஓடும்போது உற்பத்தியே குறைந்துவிடும். குறைவது அத்தனையும் சிறிய பேட்டரியிலிருந்துதான் போகிறது. எனவே இன்ஜினை ஓடவிட்டு, அரை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்காமல், நடுவில் ஓரிரு நிமிடம் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் மோட்டாரின் மேல் கை வைத்துப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் இன்னும் பொறுங்கள். வோல்டேஜ் விழுந்த நிலையிலும் விடாமல் பொத்தானை அழுத்தினால், வின்ச்சுக்கு மின்சாரத்தை இணைத்து விடும் கான்டாக்டர் சுவிட்ச் படபடவென்று அடித்து, அதன் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பொத்தானை விட்டாலும் வின்ச் நிற்காது, இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரிக்கும் வின்ச்சுக்கும் நடுவே, கை எட்டும் இடத்தில், மின்சாரத்தை முற்றாகத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைப் போடாமல் எந்த வண்டியையும் நான் பட்டறையை விட்டு அனுப்புவதில்லை.

வின்ச்சைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. சக்கரம் சுற்றி வண்டி நகரவில்லையென்றால் அந்த நொடியே ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். முறுக்க முறுக்கச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும், பெல்ட்டில் ஓடும் 570-இல் டிரைவ் பெல்ட்டும் கருகும். ஓட்டுநர் இறங்கட்டும், சாமான்களை இறக்குங்கள், ரிவர்ஸ் போட்டு மெதுவாக முயலுங்கள். மண்வெட்டியால் நான்கு சக்கரத்துக்குப் பின்னாலும் சரிவாக வெட்டி, அடித்தகட்டுக்குக் கீழே காற்றுப் புகும்படி சேற்றைத் தள்ளிவிட்டாலே, களியின் கவ்வல் விட்டு இழுவை பாதியாகிவிடும். ஆறு பேர் இருக்கும் குழுவில் 200 சிசி வண்டியை இப்படித் தோண்டியே பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

முந்திரித்தோப்பு எழுதியது:

ஐயா, நான் பண்ருட்டிக்காரன், எங்களுக்கும் முந்திரியும் பலாவும் உண்டு. பட்டறைக்காரர் "மரத்தில் கட்டுங்கள்" என்று சொன்னதில், எந்த மரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, இந்தப் பக்கத்துத் தோப்புகளில் பழைய முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இன்று நீங்கள் பார்க்கும் முந்திரி பெரும்பாலும் அதன் பிறகு நட்டவை. பார்வைக்குக் குடை விரித்துப் பெரிதாகத் தெரியும். ஆனால் அடிமரம் தரையை ஒட்டியே கிளைத்துவிடும், கட்டையும் எளிதில் முறியக் கூடியது. கிளையில் கட்டினால் கிளை பிளந்துகொண்டு வரும். போதாததற்கு, நீங்கள் போகும் காலம் முந்திரி பூவெடுக்கும் காலம். மரத்தை ஓர் உலுக்கு உலுக்கினால் அந்த வீட்டாரின் ஆண்டு வரும்படியில் கை வைத்ததாகும். தயவுசெய்து முந்திரியை விட்டுவிடுங்கள்.

கட்டுவதற்குப் பனைதான் முதல் தேர்வு. புளி, வேம்பு, முற்றிய பலா ஆகியவையும் நன்றாகத் தாங்கும். தென்னையை நான் நம்புவதில்லை; அதற்கு ஆணிவேர் கிடையாது, ஓடைக்கரையில் ஊறிய மண்ணில் நிற்கும் தென்னை சாய்ந்து தலைமேல் விழலாம். சவுக்குத் தோப்பு பக்கத்தில் இருந்தால், அது மூன்று நான்கு ஆண்டில் வெட்டிவிடும் பயிர் என்பதால் ஒற்றை மரம் தாங்காது. நெருக்கமாக நிற்கும் நான்கைந்து மரங்களைச் சேர்த்து ஒரே பெல்ட்டில் வளைத்துக் கட்டலாம். மரம் எதுவானாலும் பெல்ட்டைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் ஏற்றாதீர்கள், மேலே கட்டினால் நெம்புகோல் கணக்காகிவிடும். மூன்று அங்குலமாவது அகலமுள்ள பெல்ட்டாக இருக்கட்டும். இரும்பு வடத்தை நேராக மரத்தில் சுற்றிக் கொக்கியை அதன்மீதே மாட்டும் வழக்கத்தால் பட்டை அறுந்து மரம் பட்டுப்போகும், வடமும் நசுங்கும். மின்கம்பத்திலோ பம்ப்செட் கொட்டகைத் தூணிலோ எக்காரணம் கொண்டும் கட்டக் கூடாது.

ஓடைக்கு அப்பால் உள்ள களி நிலத்தில் மரமே இருக்காது, சீமைக் கருவேலம்தான் இருக்கும். அதன் முள் ஏடிவி டயரை எளிதாகத் துளைத்துவிடும் என்பதால் பஞ்சர் அடைக்கும் சாமான்களும் காற்றடிக்கும் பம்பும் கட்டாயம் வேண்டும். அங்கே பிடிமானம் வேண்டுமானால் மண்ணுக்குள்தான் தேட வேண்டும். இழுக்கும் திசைக்குக் குறுக்காக மூன்றடி ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டி, நடுவில் பெல்ட் சுற்றிய உருட்டுக்கட்டை ஒன்றை அதில் கிடத்தி, பெல்ட் வெளியே வருவதற்குச் சரிவாக ஒரு வாய்க்கால் வெட்டி, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டால் நன்றாகத் தாங்கும். கடப்பாரையானால் மூன்றை ஒரே வரிசையில், இழுப்புக்கு எதிர்ப்புறம் சற்றே சாய்த்து அடித்து, முன்னதன் தலையைப் பின்னதன் அடியோடு கயிறு முறுக்கிக் கட்ட வேண்டும். ஒற்றைக் கடப்பாரை ஈரக் களியில் நிற்காது.

இன்னொன்று. தோப்புக்கு அருகே ஏரி இருந்தால் அதன் கரைமேல் வண்டியை ஏற்றாதீர்கள். மழை ஊறிய கரையில் சக்கரத் தடம் விழுந்தால் அடுத்த மழைக்கு அந்தத் தடமே வாய்க்காலாகிக் கரையை அரித்துவிடும். சம்பாக் கதிர் முற்றி நிற்கும் மாதம் அது. கரை உடைந்தால் கீழே இருப்பவர்களின் நெல் போய்விடும்.

பாகூர் டிராக்டர் எழுதியது:

எல்லாம் தவறினால் கடைசியில் கூப்பிடப்போவது ஊரில் கேஜ் வீல் (சேற்றில் புதையாமல் ஓட உதவும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்ட டிராக்டரைத்தான். யாரிடம் இருக்கிறது, அன்று அவர் ஊரில் இருப்பாரா, கூலி எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். ஆனால் டிராக்டருக்கு ஏடிவியின் எடை ஒரு பொருட்டே இல்லை. ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் சேசிஸே வளைந்துவிடும். கயிறு விறைக்கும் வரை ஊர்ந்து வரச் சொல்லி, அதன் பிறகு முதல் கியரிலேயே மெதுவாக எடுக்கச் சொல்ல வேண்டும். கயிற்றைச் சேசிஸில் உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். கேரியர் கம்பியிலும், ஹேண்டில்பாரிலும், சஸ்பென்ஷன் கைகளிலும் மாட்டக் கூடாது.

கெடிலக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வண்டி வரிசையை மாற்றிவிட்டோம், டிராக்டர்காரரிடமும் பேசிவிட்டோம். தோப்பின் கீழ்க்கோடியில், ஓடை இறங்கும் இடத்திலேயே, இரண்டு பனைகள் இருக்கின்றன. ஆனால் அவை பாதைக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் ஐந்தாறு மீட்டர் தள்ளி நிற்கின்றன. கப்பி ஒன்று வாங்கினால் திசையை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள், சரியா? கம்பி வடமா, சிந்தெட்டிக்கா என்ற கேள்விக்கும் யாரேனும் விடை சொல்லுங்கள். குழுவில் ஒருவர் துறைமுகத்திலிருந்து பருமனான நைலான் கயிறு வாங்கி வருவதாகச் சொல்கிறார்.

முதுநகர் துறைமுகம் எழுதியது:

தம்பி, விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சோடு காலம் கழித்தவன் என்ற முறையில் வடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வண்டியைப் பற்றி மற்றவர்கள் சொன்னதே போதும்.

முதலில் அந்த நைலான் கயிற்றை வின்ச்சுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். நைலான் இழுக்க இழுக்க நீளும், நீண்ட அளவுக்கு விசையைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். அறுந்தாலோ கொக்கி கழன்றாலோ அந்த விசை அத்தனையும் ஒரே நொடியில் திரும்பி வரும், கூடவே முனையில் இருக்கும் இரும்பும் வரும். இரும்பு வடம் அவ்வளவு நீளாது என்றாலும் அறுந்தால் அதுவும் சுழற்றி அடிக்கும். வின்ச்சுக்கென்றே செய்யும் சிந்தெட்டிக் கயிறு மிகக் குறைவாகவே நீளும், எடையும் குறைவு. அறுந்தால் பெரும்பாலும் தரையில் விழும். மூன்றில் கை கால்களுக்கு ஆபத்துக் குறைந்தது அதுதான்.

இரும்பு வடத்தையே வைத்துக்கொள்வதானால் முழுவதையும் வெளியே இழுத்து, பகல் வெளிச்சத்தில், ஒரு பழைய துணியை வடத்தைச் சுற்றிப் பிடித்தபடி முனைவரை நடந்து பாருங்கள். இழை அறுந்த இடத்தில் துணி மாட்டும். தலைமுடியை விடச் சற்றே தடித்த ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், கையுறையைக் கொத்திப் பிடித்து டிரம்முக்குள் இழுத்துப் போய்விடும். அப்படி ஒருவர் இரண்டு விரல்களை இழந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். வடம் டிரம்முக்குள் ஏறும்போது கையால் வழிகாட்டக் கூடாது. கொக்கி நெருங்கி வரும் கடைசி ஒரு மீட்டரில் கொக்கியைத் தொடாமல், அதில் கட்டிய துணிப்பட்டையை மட்டும் பிடிக்க வேண்டும். முறுக்கு விழுந்து மடிந்த இடமோ, இழைகள் பிரிந்து உப்பிய இடமோ இருந்தால் அந்த வடம் போய்விட்டது என்று அர்த்தம். அறுந்த வடத்தை முடிச்சுப் போட்டுப் பயன்படுத்தவே கூடாது.

கயிறு எதுவானாலும் அதன் நடுவில் நனைந்த கோணிச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் அதன் கனம் வடத்தைக் கீழே அழுத்தும். வடம் விறைத்திருக்கும்போது யாரும் அதைத் தாண்டக் கூடாது. தேர் வடம் பிடிப்பது போல எல்லோரும் கயிற்றோரம் கூடி நின்று கூவுவது நம் ஊர்ப் பழக்கம். அன்றைக்கு அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டி வையுங்கள். வின்ச்சை இயக்குபவர் ஒருவர், அவருக்குக் கை காட்டுபவர் ஒருவர், புதைந்த வண்டியின் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டியிருந்தால் அவர் ஒருவர். மற்ற மூவரும் வெளியே விட்ட வடத்தின் நீளத்தைவிடத் தள்ளிப் போய் நிற்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை முஷ்டியாக மடக்கினால் "நிறுத்து" என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தத்தில் வாய்ச்சொல் கேட்காது. "நிறுத்து" என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் இயக்குபவர் நிறுத்தியாக வேண்டும்.

வில்லியனூர் பட்டறை எழுதியது:

துறைமுகத்து அண்ணன் சொன்னதை வரிக்கு வரி வழிமொழிகிறேன். கப்பியைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

கப்பியை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். பனையில் பெல்ட் கட்டி அதில் கப்பியை மாட்டி, உங்கள் வின்ச் வடத்தை அதன் வழியாகத் திருப்பிப் புதைந்த வண்டிக்குக் கொண்டுபோவது ஒன்று. இதில் திசை மட்டும் மாறும், இழுவை கூடாது. புதைந்த வண்டியில் கப்பியை மாட்டி, வடம் அதைச் சுற்றித் திரும்பி வந்து பிடிமானத்தில் கட்டப்படுவது இன்னொன்று. இதில் உராய்வு போக இழுவை கிட்டத்தட்ட இரு மடங்காகும், வேகம் பாதியாகும், மின்சாரச் சுமையும் குறையும். ஆனால் 15 மீட்டர் வடம் ஏழு மீட்டருக்குத்தான் எட்டும். உங்களுக்கு வேண்டியது முதல் வகை. அதில் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வடம் கப்பியில் வளைந்து ஏறக்குறைய வந்த திசையிலேயே திரும்பினால், பனைமேல் விழும் சுமை வடத்தின் இழுவையைப் போல இரு மடங்கு. 700 கிலோ இழுத்தால் மரம் 1,400 கிலோவைத் தாங்க வேண்டும், பெல்ட்டும் ஷாக்கிளும் (திருகாணியால் பூட்டும் இரும்பு இணைப்பு வளையம்) அதே அளவைத் தாங்க வேண்டும். ஷாக்கிள் வாங்கும்போது தாங்கும் எடை அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு டன்னுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். திருகாணியை முழுவதும் முறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் திருப்பி விடுங்கள், இல்லையென்றால் இழுத்து முடித்த பிறகு கழற்ற வராது.

இரண்டு பனைகள் இருப்பதால் இன்னும் எளிதான வழியும் உண்டு. இரண்டையும் தனித்தனி பெல்ட்டால் வளைத்து, நடுவில் ஒரு ஷாக்கிளில் சேர்த்து, உங்கள் வண்டியின் பின்கொக்கியை அந்த ஷாக்கிளில் கட்டிக்கொண்டு, ஓடையைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினால் கப்பியே தேவைப்படாமல் போகலாம். இரண்டு பெல்ட்டுகளுக்கும் நடுவே உள்ள கோணம் 90 பாகைக்கு மேல் விரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 120 பாகை ஆகிவிட்டால் ஒவ்வொரு மரமும் முழு இழுவையையும் தாங்க வேண்டியதாகிவிடும்.

சிந்தெட்டிக் கயிற்றுக்கு மாற்றுவதானால், வின்ச்சுக்கு முன்னால் வடம் நுழையும் இடத்தில் உள்ள இரும்பு உருளைகளைக் கழற்றிவிட்டு வழவழப்பான அலுமினிய வாய் போட வேண்டும். பழைய இரும்பு வடம் உருளைகளில் கீறிய பிசிறுகள் புதுக்கயிற்றை அறுத்துவிடும். பல வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. சுமையோடு கயிற்றை வெளியே விட்டால் டிரம் சூடாகிக் கயிறு இளகும் என்பதால், வெளியே விடும்போது கிளட்ச்சைத் தளர்த்திக் கையால் இழுத்துக்கொள்ளுங்கள். புதுக்கயிற்றைப் பயணத்துக்கு முந்தைய நாளே தோப்பில் ஒரு மரத்தில் கட்டி, வண்டியையே சுமையாக வைத்து, இறுக்கமாகச் சுற்றிவிட வேண்டும். தளர்வாகச் சுற்றிய கயிற்றில் சுமை ஏறினால், மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்குள் அறைந்துகொண்டு போய் மாட்டிக்கொள்ளும். அதைச் சேற்றில் நின்று பிரிப்பது பெரும்பாடு.

வீட்டுக்கு வந்ததும் கயிறு முழுவதையும் வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். இழைகளுக்குள் புகுந்த மணல் உள்ளிருந்தே அறுக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. நிழலில் உலர்த்திய பிறகே திரும்பச் சுற்றுங்கள். பிரஷர் வாட்டரைக் கான்டாக்டர் பெட்டி மீதும் மோட்டாரின் முனை மூடி மீதும் அடிக்க வேண்டாம். கேபிள் முனைகளைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி இறுக்குங்கள். பயணத்துக்கு முன் பேட்டரியை ஒருமுறை சுமை வைத்துச் சோதித்துவிட வேண்டும் என்பதால், முந்தைய வாரம் வண்டியை வில்லியனூருக்குக் கொண்டுவர முடிந்தால் நானே பார்த்துத் தருகிறேன்.